மார்லிஸின் கண்ணுக்கு வைத்த பணம்

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் மார்லிஸ் அப்படியே நின்றுவிடுவார். வெளியே மூக்கு விறைக்கும் குளிர், உள்ளே சூடான காற்று. மூக்குக் கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்துப் போயிருக்கும். அதைக் கழற்றித் துடைக்க மாட்டார். "தானா போகும், அதுக்கு என்ன அவசரம்?" என்று கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று, எதிரே அசைகிற உருவங்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொல்வார். காலடிச் சத்தத்தை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை எங்களோடு வேலை செய்யும் லைல் தன் கோட்டையும் தொப்பியையும் மாட்டிவிட்டுப் போயிருந்த கம்பத்திடம், "முதுகுவலி எப்படி இருக்கு லைல்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்தும் இருந்தார்.

விஸ்கான்சினில் எங்கள் ஏரிக்கரை ஊரில், மேசை இழுப்பறைகள் ஓடுவதற்கான இரும்புத் தடங்கள் செய்யும் தொழிற்சாலை அது. மார்லிஸ் டீட்ஸனுக்கு அங்கே சம்பளம், விடுப்பு, இன்சூரன்ஸ் பார்க்கும் வேலை. நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்திலிருந்து அவருக்குப் பக்கத்து மேசையில் கணக்கு எழுதுகிறேன். அவருடைய கண்ணாடி ரொம்பத் தடிமன். அதன் வழியே பார்த்தால் கண்கள் சிறுத்து, எங்கோ தூரத்திலிருந்து நம்மைப் பார்ப்பது போலத் தெரியும். கழற்றினால் பெரிய, அழகான, சாம்பல் நிறக் கண்கள். அவற்றைப் பார்த்தவர்கள் குறைவு.

நவம்பர் பிறந்துவிட்டால் மார்லிஸைக் கையில் பிடிக்க முடியாது. அதுதான் ஃப்ளெக்ஸ் மாதம். நம் ஊரில் ஃப்ளெக்ஸ் என்றால் தலைவர் பிறந்தநாளுக்குக் கட்டும் தட்டி. இங்கே அது ஒரு கணக்கின் பெயர். வரும் வருடம் வைத்தியத்துக்கு இவ்வளவு ஆகும் என்று நவம்பரிலேயே ஒரு தொகை சொல்லிவிட வேண்டும். வரி பிடிப்பதற்கு முன்பாகவே ஒவ்வொரு சம்பளத்திலும் அதில் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். பல்லோ கண்ணோ, நம்முடையதோ வீட்டில் இருப்பவர்களுடையதோ, எதற்கும் செலவழித்துக்கொள்ளலாம். வரி மிச்சம். ஆனால் டிசம்பர் முடிவதற்குள் செலவழிக்காமல் விட்டால் மீதி கம்பெனிக்குப் போய்விடும். சொன்ன தொகையை நடுவில் மாற்றவும் முடியாது.

இதை விளக்க மார்லிஸ் ஒரு கிண்ணத்தில் கேரமல் மிட்டாயை எடுத்துக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவே புகுந்துவிடுவார். "விட்டா போச்சு தங்கம். கம்பெனிக்கு ஏன் தூக்கிக் குடுக்கற? உன் கண்ணுக்குக் குடு. மீன்பிடி படகு வாங்கினா வரி கட்டின காசு, கண்ண சரி பண்ணிக்கிட்டா வரி கட்டாத காசு. எது லாபம், நீயே சொல்லு." பார்வையைச் சரிசெய்துகொள்ளும் லேசர் சிகிச்சையை இன்சூரன்ஸ் ஏற்காது, அது அவரவர் ஆசைக்குச் செய்துகொள்வது என்று சொல்லிவிடும். ஃப்ளெக்ஸ் ஏற்கும். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, பாதித் தொழிற்சாலையின் மூக்கிலிருந்து கண்ணாடியை இறக்கியவர் மார்லிஸ்தான்.

சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிற லைல் முதலில் மசியவில்லை.

"கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன் மார்லிஸ்."

"கத்தி இல்லடா, வெளிச்சம். பல் டாக்டர்கிட்ட வாயத் திறந்துட்டுப் படுத்துக் கெடக்கறியே, அங்க என்ன பூவா வைக்கறான்?"

அடுத்த வசந்தத்தில் லைல் போய்ப் படுத்து எழுந்து வந்தான். வந்த கையோடு மார்லிஸின் மேசைக்கு எதிரே நின்று, சுவர் நாள்காட்டியின் அடியில் அச்சகத்தின் பெயர் பொடியெழுத்தில் இருக்கிறதே, அதை வாசித்துக் காட்டினான். அது வழக்கமாகவே ஆகிவிட்டது. சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லோரும் வந்து அந்தப் பொடியெழுத்தை வாசிப்பார்கள். பழைய கண்ணாடியை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவர் அவற்றை இழுப்பறையில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் இல்லாதவர்களுக்குக் கொடுக்க சர்ச்சில் வைத்திருக்கும் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவார். அவரால் அந்த அச்சகத்தின் பெயரைக் கண்ணாடி போட்டும் வாசிக்க முடியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

"நீங்க எப்ப பண்ணிக்கப் போறீங்க?" என்று வந்த புதிதில் நான் கேட்டேன்.

"அடுத்த வருஷம்" என்றார்.

அது பொய் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் தன் பெயருக்கு நேரே கண் சிகிச்சைக்கு ஆகும் தொகையைப் போடுவார். வருடம் பிறந்ததும் அது வேறெங்காவது போய்விடும். மகள் ஹைடியின் முன்பற்களுக்குக் கம்பி கட்ட ஒரு வருடம் போனது. மகன் கர்ட் பனிச்சறுக்கு ஹாக்கியில் தாடையைப் பெயர்த்துக்கொண்டு வந்தான், அதற்கு ஒரு வருடம். ஹைடியின் பல் விஷமம் பிடித்த பல்; அதற்கு மறுபடியும் போனது. பிறகு கணவர் கோர்டியின் தோள். கோர்டி வீடுகளுக்கு உள்கூரைப் பலகை அடிக்கிறவர். நாளெல்லாம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பலகையைத் தாங்கிப் பிடிக்கிற வேலை. இடது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதியும், அதற்குப் பிறகு பயிற்சி கொடுத்தவரின் கட்டணமும் மார்லிஸின் கண் பணத்திலிருந்துதான் போனது. "கண்ணு எங்கயும் ஓடிப் போகாது. தோள் இல்லாம அவன் எப்படி வேலைக்குப் போவான்?" என்றார். சொன்னதில் தப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு எரிச்சலாக வரும்.

அவருக்கு எதற்குக் கண்ணாடி இல்லாத கண் வேண்டும் என்று பலருக்குத் தெரியாது. அழகுக்கு இல்லை. அலங்காரத்தில் அவருக்கு ஆர்வம் கிடையாது. வருடம் முழுக்க இரண்டே ஸ்வெட்டர். அவருக்கு வேண்டியது ஏரி. கோடையில் ஒரு ஞாயிறு விடாமல் ஏரியில் நீந்துவார். கரையில் பார்த்தால் கனத்த உடம்போடு அசைந்து அசைந்து நடக்கிறவர், தண்ணீரில் இறங்கிவிட்டால் அலட்டிக்கொள்ளாமல் வெகுதூரம் போய்விடுவார். மூக்குக் கண்ணாடியோடு இறங்கி அதை ஏரிக்குப் பலி கொடுத்தது ஒருமுறை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸோடு இறங்கிக் கண் செம்பருத்தியாகச் சிவந்து, டாக்டரிடம் திட்டு வாங்கியது ஒருமுறை. அதற்குப் பிறகு வெறுங்கண்ணோடுதான். வெறுங்கண்ணுக்குத் தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை என்பது பச்சையும் மஞ்சளுமாக ஒரு கலங்கல்.

கல்யாணமான புதிதில் அப்படி நீந்திவிட்டுக் கரையேறி, நேரே போய் யாரோ ஒருவர் கையிலிருந்த துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு, "பசிக்குது, என்ன வச்சிருக்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதரின் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து கோர்டி ஏரிக்கரையில் ஆரஞ்சு நிறத் தொப்பி போட ஆரம்பித்தார். மான் வேட்டைக் காலத்தில், யாரும் தவறிச் சுட்டுவிடாமல் இருக்கப் போட்டுக்கொள்கிற பளீர் ஆரஞ்சு. ஜூலை வெயிலில் அந்தக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி தண்ணீர் ஓரத்தில் நிற்பார். அவருக்கு நீச்சல் தெரியாது. அந்தக் கலங்கலில் ஆரஞ்சுப் புள்ளியையும் அதற்கு மேலே இரண்டு கோடுகளையும் தேடிப்பிடித்து மார்லிஸ் திரும்பி வருவார்.

பிள்ளைகளும் அந்த ஏரியில்தான் வளர்ந்தார்கள். தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய மரத்துறையின் நுனியிலிருந்து குதிப்பார்கள். அம்மா கீழே தண்ணீரில் நின்று பிடிக்க வேண்டும். அதைப் பற்றி ஒருநாள் சாப்பாட்டு வேளையில் தானாகவே சொன்னார்.

"'அம்மா என்னப் பாரு, என்னப் பாரு'ன்னு கத்துவா ஹைடி. 'பாக்கறேன், பாக்கறேன்'னு நானும் கத்துவேன். ஒண்ணும் தெரியாது. சத்தம் வந்த பக்கமா கைய நீட்டிட்டு நிப்பேன். தண்ணில விழுந்ததும் கப்புனு பிடிச்சுக்குவேன். ஒரு தடவகூட விட்டதில்ல. ஆனா குதிக்கறப்ப அந்த மொகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

அப்போதுதான் லைல் குறுக்கிட்டான். அவன் மகள் பள்ளி நீச்சல் அணியில் இருந்தாள். பார்வைக்கேற்ற பவர் வைத்த நீச்சல் கண்ணாடி அவளுக்கு வேண்டியிருந்தது; அதை ஃப்ளெக்ஸில் வாங்கலாம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே மார்லிஸ்தான்.

"நீயும் ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றான்.

"எனக்கு எதுக்கு? அடுத்த வருஷம் கண்ணையே சரி பண்ணிக்கப் போறேன். அப்புறம் அத எங்க கொண்டு போடறது?"

நானும் தலையாட்டினேன். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகும் ஓரிரு முறை அந்தப் பேச்சு வந்தது. பெரிய வைத்தியம் வரப்போகிறது என்று சின்னதை வேண்டாம் என்றுவிட்டார்.

ஹைடி டென்வரில் வேலைக்குப் போனாள். கர்ட் கடற்படையில் சேர்ந்தான். கோர்டியின் தோளும் ஆறவேண்டிய அளவுக்கு ஆறியது. போன வருடத்துக்கு முந்தைய நவம்பரில் மார்லிஸ் தன் தொகையை எழுதும்போது, "இந்தத் தடவ யாருக்குப் பல் வலிச்சாலும் நான் பொறுப்பில்ல" என்று அறிவித்தார். யாருக்கும் வலிக்கவில்லை. மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு புதன்கிழமை, கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார். அன்றைக்கு லைல் ஒரு கேக் வாங்கி வந்திருந்தான். வெள்ளைக் கிரீமுக்கு நடுவே நீலத்தில் ஒரு பெரிய கண்.

"அளவெடுக்கத்தான்டா போறேன். இன்னிக்கேவா வெட்டுவாங்க?"

"நீ போய்ட்டு வா. வந்து அந்தப் பொடியெழுத்த வாசி. அப்புறம் வெட்டுவோம்."

மார்லிஸ் அன்று திரும்பி வரவில்லை. மறுநாள் காலை வந்தார். கதவருகே நின்றார், கண்ணாடி வெள்ளையாகப் பூத்தது. அது தெளியும்வரை யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"கேக் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. அவரே கத்தியை வாங்கி, கண்ணின் நடுவே இறக்கி, ஆளுக்கொரு துண்டு தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"லேசர் வச்சுக் கண்ணோட மேல் பக்கத்தச் சரி பண்ணலாமாம். ஆனா உள்ள இருக்கற வில்லையே மங்க ஆரம்பிச்சிருச்சாம். 'இப்ப காசக் கொட்டாதீங்க, கொஞ்ச வருஷம் போகட்டும், புரை நல்லா விழட்டும், அத எடுத்துட்டு வேற வில்லை வச்சுரலாம், அதுக்கு இன்சூரன்ஸே குடுக்கும்'னார். நல்ல மனுஷன், சின்ன வயசு. பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தா கால் மணி நேர வேலைதான்னும் சொன்னார். அத அவர் சொல்லாம இருந்திருக்கலாம்."

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஹைடியின் பல்லையா, கர்ட்டின் ஹாக்கியையா? டாக்டர் சொன்னதும் உண்மை. கேக் ரொம்ப இனிப்பாக இருந்தது. எல்லோரும் முழுதாகச் சாப்பிட்டோம், வேறென்ன செய்ய.

"அந்தத் தொகைய மாத்திக்கயேன். நீதானே அந்த வேலைய பாக்கற?" என்றான் லைல்.

"கல்யாணம், கொழந்த, விவாகரத்து, சாவு. இதுல ஏதாவது நடந்தாத்தான்டா மாத்த முடியும். எனக்கு இனிமே கொழந்த பொறக்காது. கோர்டிய விவாகரத்து பண்ணிரலாம்னா, வெள்ளிக்கிழமை கடையில மீன் வறுவல் சாப்பிட யார் கூடப் போறது?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு மேசையில் உட்கார்ந்து, வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

சம்பளத்துக்குச் சம்பளம் பணம் பிடிபட்டுக்கொண்டிருந்தது. மார்லிஸ் அதைக் கரைக்க ஆரம்பித்தார். வெயிலுக்குப் பூசும் களிம்பு, காயத்துக்கு ஒட்டும் பட்டை, தெருவுக்கே போதும்படி இருமல் மருந்து. "தெர்மாமீட்டர் மட்டும் மூணு இருக்கு. காய்ச்சல் வந்தா நானும் கோர்டியும் ஒரே நேரத்துல வச்சுப் பாத்துட்டு, மூணாவத நாய்க்கு வைக்கலாம்." அவர் பேச்சில் குறும்பு குறையவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவர் ஏரியைப் பற்றிப் பேசவே இல்லை. பனி போய்த் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று யாரோ சொன்னபோதும் காதில் விழாதது போல இருந்துவிட்டார்.

மே மாதத்தில் ஒருநாள் லைல் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, கிண்டல் இல்லாமல் கேட்டான்.

"அந்த நீச்சல் கண்ணாடிக்கு இப்பவும் ஃப்ளெக்ஸ்ல குடுக்கறாங்கல்ல?"

மார்லிஸ் மெல்வதை நிறுத்தினார். "குடுக்கறாங்க."

"அப்ப வாங்கு. இப்ப என்ன சொல்லித் தட்டிக் கழிப்ப?"

 மார்லிஸ் வாங்கினார். உள்ளங்கை அளவு டப்பாவில் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீலப் பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அந்த வழியாகப் போனவர்கள் எல்லாம், "மார்லிஸ், தண்ணி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் திரும்பவில்லை. நாள்காட்டி, கோட்டு மாட்டும் கம்பம், ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிற்குமிடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் தெரிந்தது போலிருக்கிறது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த ரப்பர் பட்டையை விரலால் இழுத்து இழுத்து விட்டார்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு பேர் மீன் சாப்பிடற காசு. அவ்வளவுதான். ஹைடி சின்னப் பிள்ளையா இருந்தப்பவே இது கெடச்சிருக்கும்ல?" என்று கேட்டார்.

கிடைத்திருக்கும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் காப்பி எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன்.

ஜூலையில் தொழிற்சாலையின் கோடை விருந்து அதே ஏரிக்கரையில் நடந்தது. அந்த வருடம் அதுவரை மார்லிஸ் ஏரியில் இறங்கியிருக்கவில்லை. லைல் பீரில் வேகவைத்த பன்றித் தொத்திறைச்சியை அடுப்பில் புரட்டிக்கொண்டிருந்தான். மார்லிஸ் கறுப்பு நீச்சலுடையில், புதுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மரத்துறையின் ஓரமாக இறங்கினார். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார், நீந்த ஆரம்பித்தார்.

கோர்டி ஆரஞ்சுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனார். இரண்டு கைகளையும் தூக்கினார். வலது கை நேராக மேலே போனது. இடது கை காதளவுக்கு மேல் போகவில்லை. முழங்கை மடிந்து நடுங்கியது.

"கோர்டி, யாரு துப்பாக்கிய நீட்டறாங்க?" என்று லைல் அடுப்படியிலிருந்து கத்தினான். எல்லா வருடமும் கத்துவான்.

நான் கோர்டியின் பக்கத்தில் போய் நின்றேன். மார்லிஸ் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தூரத்தில் கட்டியிருக்கும் மிதவையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"அவங்க இன்னும் திரும்பவே இல்லயே, கோர்டி. அதுக்குள்ள ஏன் கையத் தூக்கிட்டு?"

"எப்ப திரும்பிப் பாப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார், ஏரியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பாக்கறப்ப நான் இல்லன்னா?"

"எப்பவுமே போனதுலேர்ந்து வர்ற வரைக்கும் இப்படித்தானா?"

"வேற எப்படி?"

"இப்பதான் அவங்களுக்குக் கண்ணாடி இருக்கே. கைய இறக்குங்க."

"பழகிப் போச்சு" என்றார். இடது கை தாழத் தாழ, தோளை உலுக்கி மறுபடி மேலே ஏற்றினார்.

மார்லிஸ் மிதவையைத் தொட்டார். திரும்பினார். கரையைப் பார்த்ததும் நீந்தாமல் அங்கேயே, தலை மட்டும் வெளியே தெரிய, காலை உதைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். லைல்கூட இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். பிறகு தண்ணீரிலிருந்து ஒரு கையை எடுத்து, கீழே, கீழே என்று இரண்டு முறை காட்டினார்.

"கூப்பிடறாளா?" என்றார் கோர்டி. கைகளை இன்னும் உயரத் தூக்க முயன்றார்.

மார்லிஸ் திரும்பி வந்தார். எப்போதும் வளைந்து வளைந்து, அங்கங்கே நின்று தேடிக்கொண்டு வருகிறவர், அன்று ஒரே நேர்கோட்டில் வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட மணலில் ஏறினார். நான் நீட்டிய துண்டை வாங்கவில்லை. நீச்சல் கண்ணாடியையும் கழற்றவில்லை. கோர்டியின் எதிரே வந்து நின்றார்.

"நான் போனதுலேர்ந்து இப்படியேவா நிப்ப?"

"ம்."

"ஹைடி, கர்ட் சின்னப் பிள்ளைங்களா இருந்தப்பவுமா?"

"பின்ன?"

"நான் திரும்பறப்ப மட்டும் தூக்குவேன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் மார்லிஸ்.

அவர் ஓர் அடி தூரத்தில் வந்து நின்ற பிறகும் கோர்டியின் கைகள் மேலேயே இருந்தன. மார்லிஸ் முதலில் வலது மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே கொண்டுவந்தார். பிறகு இடது முழங்கையைத் தன் ஈர உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, வலிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.